ஐ.நா.வில் கொடுத்த வாக்கும் கேமரன் மலை வாக்குச்சீட்டும்: தலைவர்களின் வெளியுறவு நிலைப்பாட்டை எது மாற்றுகிறது?

2018 செப்டம்பர் 28. நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை. மனித உரிமை தொடர்பாக மலேசியா இன்னும் ஏற்காமல் வைத்திருக்கும் ஐ.நா.வின் அடிப்படை உடன்படிக்கைகள் அனைத்தையும் ஏற்போம் என்று அன்றைய பிரதமர் மகாதீர் முகமது உலக நாடுகள் முன்னிலையில் உறுதி சொன்னார்.

அதே ஆண்டு நவம்பர் 23. கோலாலம்பூரில் பிரதமர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த உடன்படிக்கைகளில் அதிகம் பேசப்பட்ட ஒன்றை மலேசியா ஏற்கப்போவதில்லை என்றது அந்த அறிக்கை. இரண்டுக்கும் நடுவில் 56 நாட்கள்தான்.

அடுத்த இரண்டு மாதங்களில், 2019 ஜனவரி 26 அன்று, பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தொகுதியில் இடைத்தேர்தல். 2018 மே மாதம் ஆட்சியைப் பறிகொடுத்த தேசிய முன்னணி, அங்கே முன்பைவிடப் பல மடங்கு கூடுதல் வாக்கு வித்தியாசத்தில் வென்றது.

"ஐ.நா., உடன்படிக்கை எல்லாம் பெரிய இடத்து விஷயம், தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில அதுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு தலைவர் வெளிநாட்டு மேடையில் எடுக்கும் நிலைப்பாடு, பல நேரங்களில் உள்நாட்டில் அவருடைய நாற்காலியைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. அந்தக் கணக்கின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, கேமரன் மலையைவிடப் பொருத்தமான இடம் அதிகம் இல்லை.

அந்த உடன்படிக்கை என்ன?

மலேசியாவில் எல்லோரும் 'ஐசெர்ட்' என்று சொன்னார்களே, அதுதான். அனைத்து வகையான இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை. 1965 டிசம்பர் 21 அன்று ஐ.நா. பொதுச்சபை இதை நிறைவேற்றியது. 1969-இல் நடைமுறைக்கு வந்தது. இன்று உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் இதில் இருக்கின்றன.

இந்தோனேசியா 1999-இல் ஏற்றது. சிங்கப்பூர் 2017-இல் ஏற்றது. இட ஒதுக்கீட்டை அரசமைப்புச் சட்டத்திலேயே வைத்திருக்கும் இந்தியா 1968-லேயே ஏற்றுக்கொண்டது. சவூதி அரேபியா சில நிபந்தனைகளோடு ஏற்றது.

மலேசியாவில் எழுந்த அச்சம் இதுதான்: இதை ஏற்றால், அரசமைப்புச் சட்டத்தின் 153-ஆவது விதி மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வீகக் குடிகளுக்கும் தரும் சிறப்பு நிலை என்னவாகும்?

பின்தங்கிய ஒரு பிரிவுக்குச் சிறப்பு உதவி செய்வதை ஐசெர்ட் தடை செய்யவில்லை. ஆனால் நோக்கம் நிறைவேறிய பிறகும் அந்த உதவி தொடரக் கூடாது என்கிறது. இங்கேதான் சிக்கல். சில விதிகளுக்கு மட்டும் ஒப்புதல் இல்லை என்று அறிவித்துவிட்டு மீதியை ஏற்கும் வழியும் சர்வதேச நடைமுறையில் உண்டு. பல நாடுகள் அப்படித்தான் செய்திருக்கின்றன.

ஆக, ஆதரவு, எதிர்ப்பு இரண்டு பக்கமும் பேச நியாயமான வாதங்கள் இருந்தன. ஆனால் 2018 அக்டோபரிலும் நவம்பரிலும் நாட்டில் நடந்தது சட்ட விவாதம் அல்ல.

56 நாட்களில் என்ன மாறியது?

உடன்படிக்கையின் வாசகம் மாறவில்லை. மலேசிய அரசமைப்புச் சட்டமும் மாறவில்லை. மாறியது உள்நாட்டு அரசியல் கணக்கு.

அந்தக் கணக்கை எளிமையாகப் பார்ப்போம். 2018 மே 9 பொதுத்தேர்தலில் நம்பிக்கைக் கூட்டணி ஆட்சியைப் பிடித்தது. பிரதமரானவர் மகாதீர். ஆனால் 222 இடங்கள் கொண்ட மக்களவையில் அவருடைய பெர்சத்து கட்சி வென்றது 13 இடங்கள் மட்டுமே. அந்தக் கட்சி வளர வேண்டுமென்றால் அம்னோவின் மலாய் வாக்குகளைத்தான் ஈர்க்க வேண்டும். வேறு வழியில்லை.

மறுபுறம், பல பத்தாண்டுகளாகப் பார்த்துவந்த அதிகாரத்தை இழந்த அம்னோ திகைத்து நின்றது. அந்தக் கட்சிக்கு ஒரு பிரச்சினை தேவைப்பட்டது. பாஸ் கட்சியோடு சேர்ந்து நிற்க ஒரு மேடையும் தேவைப்பட்டது. ஐசெர்ட் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்தது.

அப்போது தேசிய ஒருமைப்பாட்டுத் துறை அமைச்சராக இருந்தவர் பொன். வேதமூர்த்தி. 2007-இல் இந்தியர்களின் உரிமைக்காகத் தெருவில் இறங்கிய இண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். 2018 அக்டோபரில், ஐசெர்ட் உட்பட எஞ்சியுள்ள 6 உடன்படிக்கைகளையும் 2019-ஆம் ஆண்டின் முதல் காலாண்டில் அரசு ஏற்கும் என்று அவர் அறிவித்தார். எதிர்ப்பு முழுவதும் அவர் மீது திரும்பியது.

நவம்பர் 23-இல் அரசு பின்வாங்கியது. அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அது நம்மிடம் இல்லை என்று மகாதீர் காரணம் சொன்னார். அந்த எண்ணிக்கை இல்லை என்பது உண்மை. ஆனால் நியூயார்க்கில் பேசிய அன்றும் அது இல்லை. ஓர் உடன்படிக்கையை ஏற்பது மலேசியாவில் அமைச்சரவையின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதற்கு நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை.

அரசு பின்வாங்கிய பிறகும் எதிர்ப்புப் பேரணி நிற்கவில்லை. டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். அம்னோ தலைவர் அகமட் ஸாகிட் ஹமிடி, பாஸ் தலைவர் ஹாடி அவாங், முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் ஆகியோர் அதில் கலந்துகொண்டனர். கோரிக்கை ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. பிறகு எதற்குப் பேரணி? நன்றி தெரிவிக்கும் கூட்டம் என்றார்கள். அம்னோவும் பாஸும் பக்கம் பக்கமாக நிற்பதை நாடு பார்த்ததுதான் அதன் அரசியல் பலன்.

கேமரன் மலையில் என்ன நடந்தது?

இந்தத் தொகுதியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் மீதி எளிதில் புரியும். மேலே தானா ராத்தா, கீழே ஜெலாய் என இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்ததுதான் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதி. தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் சுற்றுலா நகரங்களும் மேலே. மலாய்க் கிராமங்களும் பூர்வக்குடிக் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி கீழே. 2018-இல் தானா ராத்தாவை ஜ.செ.க. வென்றது. ஜெலாயை வென்ற தேசிய முன்னணியின் வான் ரோஸ்டி பகாங் மந்திரி பெசார் ஆனார்.

2019-இல் இங்கே பதிவுபெற்ற வாக்காளர்கள் ஏறத்தாழ 32 ஆயிரம் பேர். மலாய்க்காரர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு. சீனர்கள் 30 விழுக்காடு அளவில். ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வக்குடியினர் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல். இந்தியர்கள் சுமார் 15 விழுக்காடு. எந்த ஓர் இனமும் தனியாக வெல்ல முடியாத தொகுதி இது.

ம.இ.கா. நீண்ட காலம் தன் கோட்டையாகக் கருதிய இடமும் இதுதான். எஸ்.கே. தேவமணி, ஜி. பழனிவேல் ஆகியோர் இங்கிருந்து நாடாளுமன்றம் போனார்கள். 2013-இல் ம.இ.கா. தலைவரான பழனிவேல் வெறும் 462 வாக்குகளில் தப்பினார். 2018-இல் ம.இ.கா.வின் சி. சிவராஜ், ஜ.செ.க.வின் எம். மனோகரனை 597 வாக்குகளில் வென்றார். பூர்வக்குடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக வழக்கு. 2018 நவம்பர் 30 அன்று தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது.

தேதியைக் கவனியுங்கள். ஐசெர்ட் அறிவிப்புக்கு ஒரு வாரம் கழித்து அந்தத் தீர்ப்பு. பேரணிக்கு ஒரு வாரம் முன்பு.

இடைத்தேர்தலில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. 2018-இல் தனியாக நின்று 3,587 வாக்குகள் பெற்றிருந்த பாஸ், இம்முறை வேட்பாளரை நிறுத்தாமல் தேசிய முன்னணிக்கு வழிவிட்டது. ம.இ.கா. தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. செமாய் பூர்வக்குடியைச் சேர்ந்த முன்னாள் காவல்துறை அதிகாரி ரம்லி முகமட் நோர் வேட்பாளரானார்.

ரம்லி 12,038 வாக்குகள். மனோகரன் 8,800. வித்தியாசம் 3,238. மலேசிய மக்களவைக்குப் போன முதல் பூர்வக்குடி உறுப்பினர் என்ற பெயர் ரம்லிக்குக் கிடைத்தது. பின்னர் அவர் மக்களவைத் துணைச் சபாநாயகராகவும் ஆனார்.

இதை ஐசெர்ட் மட்டுமே தீர்மானித்தது என்று சொன்னால் அது மிகை. நிலப் பிரச்சினை, காய்கறி விவசாயிகளின் கவலை, பூர்வக்குடி வேட்பாளர் என்ற பெருமை, விலைவாசி எல்லாமே இருந்தன. ஆனால் அம்னோவும் பாஸும் ஒரே வேட்பாளருக்காக வேலை செய்யலாம், செய்தால் பலன் உண்டு என்பது இங்கே நிரூபணமானது. மார்ச் 2-இல் செமினி இடைத்தேர்தலிலும் அதே முறை, அதே வெற்றி. செப்டம்பர் 14-இல் இரு கட்சிகளும் முவாஃபக்காட் நேஷனல் சாசனத்தில் கையெழுத்திட்டன. 2020 பிப்ரவரியில் மகாதீர் அரசே போய்விட்டது.

அந்த அரசு வெளியுறவில் இன்னொரு முறையும் பின்வாங்கியது. 2019 மார்ச் 4-இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ரோம் சாசனத்தில் சேர்ந்தது. ஏப்ரல் 5-இல் விலகுவதாக அறிவித்தது. ஒரே மாதம். ஆக, ஐசெர்ட்டை விட்டுக்கொடுத்தும் மகாதீருக்கு அவர் தேடிய மலாய் வாக்கு கிடைக்கவில்லை. வாக்குறுதியை நம்பியவர்களும் கைவிடப்பட்டார்கள்.

இது மகாதீரின் கதை மட்டும்தானா?

இல்லை. அவருக்கு முன்பிருந்த நஜிப்பைப் பாருங்கள். 2010-இல் ஐ.நா. பொதுச்சபையில் பேசியபோது, தீவிரவாதத்துக்கு எதிராக உலகளாவிய மிதவாதிகள் இயக்கம் வேண்டும் என்றார். அப்போது அவருக்கு மேற்குலகில் நல்ல பெயர் தேவைப்பட்டது. 2016-இல் நிலைமை வேறு. ஜூலையில் 1எம்டிபி பணம் தொடர்பாக அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது. உள்நாட்டில் செல்வாக்கு சரிந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 4 அன்று, ரொஹிஞ்சா முஸ்லிம்களுக்கு ஆதரவாகக் கோலாலம்பூரில் நடந்த பேரணியில் பிரதமரே மேடையேறினார். உடன் இருந்தவர் பாஸ் தலைவர் ஹாடி. மியன்மார் அரசைக் கடுமையாகச் சாடினார். ரொஹிஞ்சா மக்கள் பட்ட கொடுமை உண்மை. அதைக் கண்டிப்பது சரி. ஆனால் ஆசியான் நாடுகள் ஒன்றின் உள்விவகாரத்தில் மற்றொன்று தலையிடுவதில்லை என்ற பழைய மரபை ஒரு பிரதமர் இவ்வளவு வெளிப்படையாகத் தாண்டியது ஏன் அந்த நேரத்தில் என்ற கேள்வியும் சரியானதுதான்.

விளைவு என்ன தெரியுமா? சில நாட்களில் மியன்மார், தன் நாட்டுத் தொழிலாளர்கள் மலேசியாவுக்கு வேலைக்குப் போவதை நிறுத்தியது. கைதட்டு மேடைக்குப் போனது. அடி வேலை தேடி வரவிருந்தவருக்கு விழுந்தது.

எதிர்க்கட்சியில் இருக்கும்போது ஒரு குரல், ஆட்சியில் இன்னொரு குரல் என்பதும் உண்டு. 2018 தேர்தலுக்கு முன்பு சீன முதலீடுகளை மகாதீர் கடுமையாக விமர்சித்தார். ஆட்சிக்கு வந்ததும் கிழக்குக்கரை ரயில் திட்டத்தை நிறுத்திவைத்தார். 2019 ஏப்ரலில் அதே திட்டத்தை 65.5 பில்லியன் ரிங்கிட்டிலிருந்து 44 பில்லியனாகக் குறைத்துத் தொடர ஒப்புக்கொண்டார். இங்கே ஒரு நல்லதும் இருக்கிறது. தேர்தல் வாக்குறுதியின் அழுத்தம் இல்லாவிட்டால் அந்தப் பேரம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

அதே ஆண்டு செப்டம்பர் 27-இல் ஐ.நா. மேடையில் காஷ்மீர் பற்றி அவர் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியா அந்தப் பகுதியை ஆக்கிரமித்துவிட்டது என்றார். உள்நாட்டில் பலர் பாராட்டினார்கள். 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. மலேசியாவைக் குறிப்பிட்டு அறிவிப்பு வரவில்லை. ஆனால் 2019-இல் மலேசிய பாமாயிலை அதிகம் வாங்கிய நாடு இந்தியாதான். ஆட்சி மாறிய பிறகு, மே மாதவாக்கில் இந்திய வணிகர்கள் மீண்டும் வாங்கத் தொடங்கினர்.

தமிழ்நாட்டில் இது புதிதா?

இந்தப் பழக்கத்தைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இண்ட்ராஃப் பேரணி மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. தமிழ்நாட்டு முதல்வர் மு. கருணாநிதி உடனே பிரதமர் மன்மோகன் சிங்குக்குக் கடிதம் எழுதினார். மலேசிய அமைச்சர் நஸ்ரி அசிஸ், அவர் தன் மாநிலத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் பதிலடி கொடுத்தார்.

சென்னையில் கடிதத்துக்குப் பாராட்டு. கோலாலம்பூரில் பதிலடிக்குப் பாராட்டு. இருவருமே தத்தம் வாக்காளர்களிடம்தான் பேசினார்கள். தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டு வீடில்லாமல் நின்ற குடும்பங்களுக்கு அதனால் எதுவும் மாறவில்லை. மாற்றியது அவர்கள் கையிலிருந்த வாக்குதான். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது. ம.இ.கா. தலைவர் சாமிவேலுவே சுங்கை சிப்புட்டில் தோற்றார்.

இலங்கை விஷயத்தில் இது இன்னும் தெளிவு. 2002 ஏப்ரலில் ஜெயலலிதா ஆட்சியின்போது, பிரபாகரனைப் பிடித்து இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2009 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில், தனி ஈழம்தான் தீர்வு என்றார் அதே ஜெயலலிதா. 2013 மார்ச் 27-இல் ஈழத்துக்குப் பொதுவாக்கெடுப்பு கோரும் தீர்மானம் அதே சட்டமன்றத்தில் அவர் ஆட்சியில் நிறைவேறியது.

தி.மு.க. கதையும் வேறல்ல. போர் உச்சத்தில் இருந்த 2009-இல் டெல்லி கூட்டணியில் நீடித்தது. நான்கு ஆண்டு கழித்து, 2013 மார்ச் 19-இல், ஐ.நா. மனித உரிமை மன்றத் தீர்மானத்தைக் காரணம் காட்டி வெளியேறியது.

2024 மார்ச் 31-இல் பிரதமர் நரேந்திர மோதி கச்சத்தீவைப் பற்றிப் பேசினார். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. எல்லையே வரையறுக்கப்படாத பகுதி என்பதால் எந்த நிலமும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்று 2015-இல் அவருடைய அரசின் வெளியுறவு அமைச்சே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் சொல்லியிருந்தது. 2025 ஏப்ரல் 2-இல், மோதி இலங்கைக்குப் புறப்படும் முன்பு, கச்சத்தீவை மீட்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கே சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது ஓராண்டு இருந்தது.

அப்படியென்றால் பதவி ஆசையே கெட்டதா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. பதவியில் தொடர ஆசைப்படுவதால்தான் ஒரு தலைவர் மக்கள் பேச்சைக் காதில் வாங்குகிறார். 2009-க்குப் பிறகு தமிழ்நாட்டு மக்களின் மனம் மாறியது, கட்சிகள் பின்னால் வந்தன. அதுவும் ஜனநாயகம்தான்.

ஆசையும் நம்பிக்கையும் ஒன்றாக இருக்கும் இடங்களும் உண்டு. பாலஸ்தீன ஆதரவில் மலேசியா எந்த ஆட்சியிலும் மாறியதில்லை. இஸ்ரேலை அது அங்கீகரித்ததே இல்லை. பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அதைப் பேசியவர். அவரை எதிர்க்கும் பாஸும் அதையே பேசுகிறது. இங்கே நிலைப்பாடு ஒன்றுதான். யார் சத்தமாகப் பேசுவது என்பதில்தான் போட்டி.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. வாக்கு இருப்பவருக்காகத்தான் தலைவர் ஆசைப்படுவார். வாக்கே இல்லாதவருக்காக யார் ஆசைப்படுவார்?

தேயிலைத் தோட்டத்தில் யாருக்கு வாக்கு இல்லை?

இங்கேதான் நாம் மறுபடி மலைக்கு வர வேண்டும். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியபோதும், 1930-களில் பாரத் தோட்டம் வந்தபோதும், காட்டை வெட்டிச் சரிவில் தேயிலை நட்டவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களுடைய வரவையும் நிறுத்தியது ஒரு வெளியுறவு முடிவுதான். 1938-இல் மலாயாத் தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். இந்தியாவில் தேசிய இயக்கத்தின் அழுத்தம் பெருகியிருந்த நேரம். அந்த ஆண்டு ஜூனில் இந்திய அரசு, உதவிபெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் போவதைத் தடை செய்தது.

இன்று கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவை. எங்கள் தாத்தா, பாட்டி வந்த அதே பாதையில் வந்தவர்கள் என்று பல தோட்டத்துக் குடும்பங்கள் இவர்களைப் பார்த்துச் சொல்லலாம். ஒரு வித்தியாசம்: இவர்கள் பெர்மிட்டில் வந்தவர்கள். இந்த நாட்டில் வாக்கு கிடையாது. ஊரில் வாக்கு இருந்தாலும் போய்ப் போட முடிவதில்லை.

2016 பிப்ரவரி 18 அன்று மலேசியாவும் வங்கதேசமும் டாக்காவில் ஓர் ஒப்பந்தம் செய்தன. மூன்றாண்டுகளில் 15 லட்சம் தொழிலாளர்கள் என்று பேச்சு. உள்நாட்டில் கடும் எதிர்ப்பு. மறுநாளே, பிப்ரவரி 19-இல், எல்லா நாடுகளிலிருந்தும் வெளிநாட்டுத் தொழிலாளர் சேர்ப்பை நிறுத்துவதாகத் துணைப் பிரதமர் ஸாகிட் அறிவித்தார். ஒரு நாட்டோடு போட்ட கையெழுத்தின் மை காயும் முன்பே கொள்கை மாறிவிட்டது.

இப்போது 2018-க்கு வாருங்கள். நியூயார்க்கில் வாக்குறுதி தரப்பட்ட 6 உடன்படிக்கைகளில் ஐசெர்ட் ஒன்றுதான். இன்னொன்று, புலம்பெயர்ந்த தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தினரையும் பாதுகாக்கும் 1990-ஆம் ஆண்டு உடன்படிக்கை. தொழிலாளர்களை அனுப்பும் இலங்கை, வங்கதேசம், இந்தோனேசியா ஆகியவை அதை ஏற்றிருக்கின்றன. இந்தியா ஏற்கவில்லை. மலேசியாவும் ஏற்கவில்லை.

ஐசெர்ட்டை எதிர்த்துப் பேரணி நடந்தது. ஆதரித்தும் அறிக்கைகள் வந்தன. தொழிலாளர் உடன்படிக்கைக்கு இரண்டுமே நடக்கவில்லை. அது கைவிடப்பட்டது என்ற அறிவிப்புகூடத் தேவைப்படவில்லை. அதைக் கேட்க வாக்குள்ள ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு சம்பவம் இருக்கிறது. 2020-இல் கட்டாய உழைப்புப் புகார்களின் பேரில் மலேசியாவின் இரு பெரிய செம்பனை நிறுவனங்களின் பொருள்களை அமெரிக்கா தடுத்து நிறுத்தியது. 2022 மார்ச்சில், கட்டாய உழைப்புக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நெறிமுறையை மலேசியா ஏற்றது. ஐ.நா. மேடை வாக்குறுதியால் நகராத விஷயத்தில் ஏற்றுமதி இழப்பு அசைவை உண்டாக்கியது. அதாவது வாக்கு இல்லாதவருக்குப் பாதுகாப்பு வர, அவரைப் புறக்கணிப்பதற்கு ஒரு விலை இருக்க வேண்டும்.

நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த முறை ஒரு தலைவர் காஸா, காஷ்மீர், கச்சத்தீவு, சீனா என்று பேசும்போது நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, எப்போது பேசுகிறார்? தேர்தலுக்கோ கட்சித் தேர்தலுக்கோ எத்தனை நாள் இருக்கிறது?

இரண்டு, யாரிடம் பேசுகிறார்? வெளிநாட்டில் ஒன்று, சொந்தத் தொகுதியில் இன்னொன்று என்றால், தொகுதியில் பேசுவதையே அவர் நிலைப்பாடாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, அவருக்கு என்ன நஷ்டம்? ஒரு நண்பரையோ, ஒரு பதவியையோ, ஒரு வாக்கையோ இழக்கத் தயாராக எடுத்த நிலைப்பாட்டுக்கு மதிப்பு அதிகம்.

நான்கு, நாற்காலி மாறினால் பேச்சும் மாறுகிறதா? எதிர்க்கட்சியில் சொன்னதை ஆட்சியிலும் சொல்கிறாரா?

இதில் எல்லோரும் தேறிவிட மாட்டார்கள். தேறாதவர் எல்லாம் மோசமானவரும் அல்ல. ஆனால் கேமரன் மலையின் கணக்கை வைத்துப் பார்த்தால், ஐந்தாவதாக ஒரு கேள்வியும் வேண்டும்: இந்த நிலைப்பாட்டின் விலையைக் கொடுக்கப்போகும் ஆளுக்கு வாக்கு இருக்கிறதா?

ஒரு காலத்தில் தோட்டத்து இந்தியர்களிலும் பலருக்கு அது இருக்கவில்லை. சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த குடும்பங்கள் இன்றும் நம்மிடையே உண்டு. பூர்வக்குடியினரின் வாக்கு வெற்றியைத் தீர்மானிக்கும் என்று தெரிந்த பிறகுதான் அவர்களில் ஒருவருக்கு வேட்பாளர் பட்டியலில் இடம் கிடைத்தது. இப்போது மலைச்சரிவில் கூடையோடு நிற்பவருக்கு அந்த வழியும் இல்லை. அவருக்காகக் கேட்க முடிந்தவர்கள், பக்கத்து வீட்டில் வாக்குச்சீட்டோடு இருப்பவர்கள் மட்டுமே.